விநாடிக்கு 1,200 எம்பி எழுதும் சர்வரில் ஒரு பில் ஏன் நகரவில்லை? டேட்டாபேஸுக்கு ரெய்டு அமைப்பதும் அளப்பதும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு நடுத்தர நிறுவனம் பழைய சர்வரை மாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். புதியதில் எட்டு ஹார்டு டிஸ்க், ரெய்டு 5 (ரெய்டு என்பது பல டிஸ்க்குகளை ஒன்றுசேர்த்து ஒரே டிஸ்க் போல இயக்கும் முறை). பொருத்த வந்த வென்டர் ஒரு பெரிய ஃபைலை எழுதிக் காட்டுகிறார். திரையில் விநாடிக்கு 1,200 எம்பி. டெலிவரி சலானில் கையெழுத்தாகிறது. டேட்டாபேஸை அதில் ஏற்றிய முதல் திங்களன்றே அக்கவுன்ட்ஸ் பிரிவிலிருந்து குரல் வருகிறது: "சார், சேவ் குடுத்தா சுத்திக்கிட்டே இருக்கு. பழைய மெஷினே தேவலாம்."

வென்டர் பொய் சொல்லவில்லை. அக்கவுன்ட்ஸ்காரரும் மிகைப்படுத்தவில்லை. அதே எட்டு டிஸ்க், அதே ரெய்டு 5, ஒரு வேலையில் விநாடிக்கு 1,200 எம்பியும் இன்னொரு வேலையில் 2.4 எம்பியும் தரக்கூடியது. அந்த 2.4 எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால், ரெய்டை எப்படி அமைப்பது, எதை அளந்து பார்த்து வாங்குவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

## டேட்டாபேஸ் டிஸ்க்கிடம் கேட்பது என்ன?

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் தன் டேட்டாவை 8 கேபி அளவுள்ள பக்கங்களாக வைத்திருக்கிறது. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் டேட்டாவைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபி 16 கேபி பக்கங்களாக. ஒரு இன்வாய்ஸ் போட்டால் கஸ்டமர் பாக்கி ஒரு பக்கத்தில் மாறும், ஸ்டாக் வேறொரு பக்கத்தில், இண்டெக்ஸ்கள் இன்னும் சில பக்கங்களில். இவை டிஸ்க்கில் அடுத்தடுத்து இருப்பதில்லை. ஆக, சின்னச் சின்னத் துண்டுகளை அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுதுவதுதான் டேட்டாபேஸின் வேலை. பெரிய ஃபைலை ஒரே ஓட்டமாக எழுதிக் காட்டும் சோதனை இந்த வேலையைத் தொடுவதே இல்லை.

அடுத்தது கமிட், அதாவது மாற்றத்தை உறுதிசெய்து முடிப்பது. பழைய கடைகளில் விற்பனையை முதலில் நாளேட்டில் ஒரு வரி எழுதிவிடுவார்கள். பேரேட்டில் சாவகாசமாகப் பதிவார்கள். நாளேட்டில் ஏறிவிட்டால் கணக்கு தப்பாது. டேட்டாபேஸும் மாற்றத்தை முதலில் ஒரு லாக் ஃபைலில் வரிசையாக எழுதுகிறது. பக்கங்களைப் பிறகு, செக்பாயின்ட் எனப்படும் இடைவெளிகளில் மொத்தமாக எழுதிக்கொள்கிறது. லாக்கை எழுதியதும் எஃப்சிங்க் என்ற சிஸ்டம் கால் மூலம், "கரன்ட் போனாலும் அழியாத இடத்துக்கு இது போய்ச் சேர்ந்துவிட்டதா?" என்று கேட்கிறது. ஆம் என்ற பதில் வரும்வரை நகராது. அக்கவுன்ட்ஸ் திரையில் சுற்றிய வட்டம் இந்தக் காத்திருப்புதான்.

ஆகவே டிஸ்க்கின் வேகத்துக்கு மூன்று வெவ்வேறு அளவுகள் இருக்கின்றன. விநாடிக்கு எத்தனை எம்பி என்பது ஒன்று; பேக்கப் எடுக்கும்போதும் பெரிய ரிப்போர்ட் ஓட்டும்போதும் அது முக்கியம். விநாடிக்கு எத்தனை தனித்தனி வேலைகள் என்பது இரண்டாவது. இதை ஐஆப்ஸ் என்பார்கள். ஒரு வேலை முடிய எவ்வளவு நேரம் என்ற தாமதம் மூன்றாவது. பில் போடுகிறவருக்குத் தெரிவது இந்த மூன்றாவது மட்டும்தான். கொட்டேஷனில் பெரிய எழுத்தில் அச்சாவதோ முதலாவது.

சுழலும் டிஸ்க்கில் ஐஆப்ஸை மனக்கணக்காகவே போடலாம். நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிவிநாடி. வேண்டிய இடம் தலைக்கு அடியில் வர சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லிவிநாடி. தலை நகர்வதற்கு 8 அல்லது 9. கூட்டினால் 12, 13 மில்லிவிநாடி. விநாடிக்குச் சுமார் எண்பதுதான். 10,000 சுற்று டிஸ்க் என்றால் சுமார் 150. எந்த பிராண்டாக இருந்தாலும் இதில் பெரிய மாற்றம் இருக்காது, ஏனென்றால் இது இயந்திரம் சுழலும் வேகம்.

## ரெய்டு என்ன செய்கிறது?

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவர் 1988இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில்தான் ரெய்டு என்ற பெயரும் அதன் நிலைகளுக்கான எண்களும் வந்தன. மெயின்ஃப்ரேமுக்கான ஒரு விலையுயர்ந்த பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக, பர்சனல் கம்ப்யூட்டருக்கான மலிவான டிஸ்க்குகள் பலவற்றை ஒன்றுசேர்த்தால் வேகம் கூடும். ஆனால் எண்ணிக்கை கூடக்கூட அவற்றில் ஏதாவது ஒன்று செத்துப்போகும் வாய்ப்பும் கூடும். எனவே உபரியாகக் கொஞ்சம் தகவல் வைக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். இன்று புழக்கத்தில் இருப்பவை:

1. ரெய்டு 0: டேட்டாவைத் துண்டுபோட்டு எல்லா டிஸ்க்கிலும் பரப்புவது. ஒன்று போனால் எல்லாம் போச்சு. டேட்டாபேஸுக்கு ஆகாது.
2. ரெய்டு 1: இரண்டு டிஸ்க்கில் ஒரே நகல்.
3. ரெய்டு 10: ஜோடி ஜோடியாக நகல் வைத்து, அந்த ஜோடிகளின்மேல் டேட்டாவைப் பரப்புவது. கொள்ளளவில் பாதி போய்விடும்.
4. ரெய்டு 5: பரப்பிய டேட்டாவோடு ஒரு டிஸ்க் அளவுக்கு பாரிட்டி, அதாவது தொலைந்ததைக் கணக்கிட்டு மீட்க உதவும் உபரித் தகவல். ஒரு டிஸ்க் போனால் தாங்கும்.
5. ரெய்டு 6: இரண்டு டிஸ்க் அளவுக்கு பாரிட்டி. இரண்டு போனாலும் தாங்கும்.

எட்டு 1.2 டிபி டிஸ்க் இருந்தால் ரெய்டு 10இல் 4.8 டிபி கிடைக்கும். ரெய்டு 6இல் 7.2, ரெய்டு 5இல் 8.4. இந்த வரிசையைப் பார்த்தவுடன் பர்ச்சேஸ் பிரிவு எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

## பாரிட்டிக்குக் கொடுக்கும் விலை

பாரிட்டி என்பது எக்ஸார் கணக்கு. இரண்டு பிட்டும் ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1. மூன்று டிஸ்க்கில் 1011, 0110, 1100 என்று இருந்தால் பாரிட்டி 0001. இரண்டாவது டிஸ்க் செத்துவிட்டதா? மீதி மூன்றையும் எக்ஸார் செய்தால் 0110 அப்படியே திரும்ப வந்துவிடும். இதுவரை அழகுதான்.

இப்போது முதல் டிஸ்க்கில் உள்ள 1011ஐ 1000 என்று மாற்ற வேண்டும். பாரிட்டியையும் மாற்றாவிட்டால் கணக்கு உடையும். புதிய பாரிட்டியைப் போட பழைய பாரிட்டி, பழைய டேட்டா, புதிய டேட்டா மூன்றும் வேண்டும்: 0001, 1011, 1000 மூன்றையும் எக்ஸார் செய்தால் 0010. அதாவது ஒரே ஒரு பக்கத்தை எழுத, பழைய டேட்டாவைப் படி, பழைய பாரிட்டியைப் படி, புதிய டேட்டாவை எழுது, புதிய பாரிட்டியை எழுது என்று நான்கு டிஸ்க் வேலைகள். ரெய்டு 6இல் பாரிட்டி இரண்டு என்பதால் ஆறு. ரெய்டு 10இல் இரண்டு நகல் எழுதினால் முடிந்தது.

அம்பத்தூர் சர்வருக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். 10,000 சுற்று டிஸ்க் எட்டு, ஒவ்வொன்றும் 150, மொத்தம் 1,200 ஐஆப்ஸ். எழுதுவது மட்டுமே வேலை என்றால் ரெய்டு 10இல் 600, ரெய்டு 5இல் 300, ரெய்டு 6இல் 200. பத்துக்கு ஏழு படிப்பது, மூன்று எழுதுவது என்ற வழக்கமான கலவையில் முறையே சுமார் 920, 630, 480. ரெய்டு 5இன் அந்த 300ஐ 8 கேபியால் பெருக்குங்கள்: விநாடிக்கு 2,400 கேபி. மேலே சொன்ன 2.4 எம்பி இதுதான்.

அப்படியானால் 1,200 எம்பி எப்படி வந்தது? பெரிய ஃபைலை வரிசையாக எழுதும்போது, எல்லா டிஸ்க்கிலும் ஒரு முழு வரிசைக்கான புதிய டேட்டா ஒரே நேரத்தில் கையில் இருக்கிறது. பழையதைப் படிக்காமலே பாரிட்டி போட்டுவிடலாம். ரெய்டு 5 மிகச் சிறப்பாக ஓடும் சூழல் அது. வீடியோ சேமிப்புக்கும் பேக்கப்புக்கும் அது நல்ல தேர்வு. பில்லிங் டேட்டாபேஸை அதே தட்டில் வைத்து எடைபோட முடியாது.

பாரிட்டியில் இன்னொரு ஓட்டையும் உண்டு. புதிய டேட்டா எழுதப்பட்டு, புதிய பாரிட்டி எழுதப்படுவதற்கு முன் கரன்ட் போனால் இரண்டும் பொருந்தாமல் நிற்கும். அப்போது ஒன்றும் தெரியாது. மாதங்கள் கழித்து வேறொரு டிஸ்க் செத்து, அதை அந்தத் தவறான பாரிட்டியிலிருந்து மீட்கும்போது, நாம் தொட்டே இராத டேட்டா குப்பையாக வரும். லினக்ஸின் எம்டி சாஃப்ட்வேர் ரெய்டில் தனி ஜர்னல் டிஸ்க் வைத்தோ பகுதிப் பாரிட்டி லாக் வசதியைப் போட்டோ இதைத் தவிர்க்கலாம். தானாக வராது, கேட்டுப் போட வேண்டும்.

## உண்மையான வேறுபாடு கேஷில்

ரெய்டு 5ஆ 10ஆ என்ற சண்டையில் பலரும் கவனிக்காமல் விடுவது டிஸ்க்குகளை இயக்கும் கன்ட்ரோலர் கார்டில் உள்ள கேஷ், அதாவது எழுதுவதைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் மெமரி. என் கணிப்பில், பழைய சர்வர் வேகமாக இருந்ததற்கு இதுவே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

கார்டில் பேட்டரி இருந்தால், கேஷில் விழுந்தவுடனேயே "எழுதியாயிற்று" என்று கன்ட்ரோலர் பதில் சொல்லிவிடும். இது ரைட்பேக் முறை. கமிட் தாமதம் ஒரு மில்லிவிநாடிக்கும் கீழே வந்துவிடும். பேட்டரி இல்லாவிட்டால், அல்லது பேட்டரி கெட்டுப்போனால், கார்டு தானாகவே ரைட்த்ரூ முறைக்கு மாறி, டிஸ்க்கில் போய்ச் சேர்ந்த பிறகே பதில் சொல்லும். கொட்டேஷனில் ஒரு வரியைக் குறைக்க பேட்டரி இல்லாத கார்டைப் போட்டுக் கொடுத்தால், எட்டு டிஸ்க் போட்டும் பயனில்லை.

இங்கே ஒரு ஆபத்தான குறுக்குவழி இருக்கிறது. பேட்டரி இல்லாமலே ரைட்பேக்கைக் கட்டாயப்படுத்தும் செட்டிங் பல கார்டுகளில் உண்டு. அதைப் போட்டால் எண்கள் பிரமாதமாக வரும். கரன்ட் போன மறுநொடி, டேட்டாபேஸ் பத்திரம் என்று நம்பிய கமிட்கள் மெமரியோடு போய்விடும். யூபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். யூபிஎஸ்ஸுக்கும் சர்வருக்கும் நடுவில் பவர் சப்ளை இருக்கிறது, பிளக் இருக்கிறது, அந்த பிளக்கைப் பிடுங்கி வாக்குவம் கிளீனர் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

சென்னைக்கென்று இரண்டு விஷயங்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முதலாவது, பேட்டரி எத்தனை நேரம் தாங்கும் என்பது. கேஷில் உள்ளதைப் பேட்டரியால் மட்டும் காப்பாற்றும் கார்டுகள் பொதுவாக 48 முதல் 72 மணி நேரம் வரை தாங்கும் என்பார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரை கடந்த பிறகும், நகரின் பல பகுதிகளுக்கு மின்சாரம் திரும்ப நாள்கணக்கில் ஆனது. சர்வர் முறையாக ஷட்டவுன் ஆகாமல் அணைந்திருந்தால் 72 மணி நேரம் என்பது தாராளம் அல்ல. கரன்ட் போன கணத்தில் கேஷை ஃபிளாஷ் மெமரிக்கு மாற்றி எழுதிவிடும் கார்டுகளுக்கு இந்தக் கெடுவே கிடையாது. விலை வித்தியாசம் இருந்தாலும் இங்கே அதைத்தான் வாங்க வேண்டும்.

இரண்டாவது, வெப்பம். லித்தியம் பேட்டரி சூட்டில் சீக்கிரம் மூப்படையும். சர்வர் அறை என்பது மூலையில் ஒரு தடுப்பும் ஒரு ஸ்பிளிட் ஏசியுமாக இருக்கும் அலுவலகங்களில், சனிக்கிழமை மாலை ஏசியை நிறுத்திவிட்டுப் போகும் வழக்கமும் உண்டு. மே மாத ஞாயிறுகள் சில கடந்தால் பேட்டரி தன் கடமையை முடித்துக்கொள்ளும். கார்டு ஓசையில்லாமல் ரைட்த்ரூவுக்கு மாறும். "கொஞ்ச நாளா சிஸ்டம் ஸ்லோ" என்ற புகார் மட்டும் வரும். பேட்டரியைச் சோதிக்க அதை முழுக்க இறக்கி ஏற்றும் சுழற்சியைச் சில கார்டுகள் 90 நாளுக்கு ஒருமுறை தாமாகவே ஓட்டும். அந்தச் சில மணி நேரமும் ரைட்த்ரூதான். அது வேலை நேரத்தில் வராதபடி நேரம் குறித்து வைக்கலாம்.

எஸ்எஸ்டி போட்டால் இந்தத் தலைவலி தீருமா? வகையைப் பொறுத்தது. சர்வருக்கான எஸ்எஸ்டிகளில் கரன்ட் போனாலும் உள்ளே இருப்பதை எழுதி முடிக்க கபாசிட்டர்கள் இருக்கும். அதனால் எஃப்சிங்க்குக்கு உடனே பதில் சொல்ல முடிகிறது. ரிச்சி தெருவில் லேப்டாப்புக்கு வாங்கும் எஸ்எஸ்டியில் அது இருக்காது. படிப்பதில் லட்சக்கணக்கான ஐஆப்ஸ் காட்டும் அதே டிஸ்க், எஃப்சிங்க்கோடு எழுதச் சொன்னால் விநாடிக்குச் சில நூறு, மிஞ்சினால் ஓரிரு ஆயிரம் என்று இறங்கிவிடுவது சகஜம். பெட்டியில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து டேட்டாபேஸ் டிஸ்க் வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

## அமைக்கும்போது

இதில் நேரம் செலவழிப்பவர்கள் அதிகம், பலன் குறைவு. தவறாமல் பார்க்க வேண்டியவை மட்டும்:

1. ஸ்பின்னிங் டிஸ்க்கில் டேட்டாபேஸ் என்றால் ரெய்டு 10. எஸ்எஸ்டியிலும் எழுதும் வேலை அதிகமென்றால் அதுவே. படிப்பது மட்டுமே பிரதானமான ரிப்போர்ட்டிங் சர்வருக்கு எஸ்எஸ்டியில் ரெய்டு 5 போட்டால் குற்றமில்லை.
2. ஒரு டிஸ்க்கிலிருந்து அடுத்ததற்குத் தாவுமுன் எழுதும் அளவான சங்க் சைஸ், டேட்டாபேஸ் பக்கத்தைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். எம்டி ரெய்டில் இயல்பு அளவு 512 கேபி. கார்டுகளில் 64 அல்லது 256 கேபி. எதுவானாலும் ஓடும். 8 கேபிக்குக் கீழே மட்டும் இறக்காதீர்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு டிஸ்க் அசைய வேண்டியிருக்கும்.
3. பார்ட்டிஷன் 1 எம்பி எல்லையில் தொடங்க வேண்டும். இன்றைய கருவிகள் தாமாகவே அப்படிச் செய்கின்றன. எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் எம்டி ரெய்டின் அமைப்பைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். கார்டு ரெய்டு என்றால் நாமே எண்ணைக் கொடுப்பது நல்லது.
4. டிஸ்க் நிறைய இருந்தால் லாக்குக்குத் தனியாக ஒரு ரெய்டு 1 ஜோடி ஒதுக்கலாம். நான்கே டிஸ்க் இருக்கும்போது அதையும் இரண்டிரண்டாகப் பிரிப்பது வீண். ஒரே ரெய்டு 10ஆகப் போடுங்கள்.

## எப்படி அளப்பது?

டேட்டாபேஸை ஏற்றுவதற்கு முன்பே அளக்க வேண்டும். லினக்ஸில் இதற்கு ஃபியோ என்ற கருவிதான் வழக்கு. லினக்ஸ் கர்னலின் பிளாக் லேயரைப் பராமரிக்கும் ஜென்ஸ் ஆக்ஸ்போ எழுதியது. ஒரு எச்சரிக்கை: ஃபைலுக்குப் பதில் நேரடியாக டிஸ்க் பெயரைக் கொடுத்து எழுதச் சொன்னால், உள்ளே இருப்பதை அழித்துவிட்டுத்தான் அது அளக்கும்.

1. மெமரியை அளக்காதீர்கள். 64 ஜிபி ராம் உள்ள சர்வரில் 10 ஜிபி ஃபைலை எழுதினால் அது ராமில் உட்கார்ந்துகொள்ளும். ராமைத் தவிர்த்து நேரடியாக டிஸ்க்கில் எழுதும் டைரக்ட் ஐஓ போடுங்கள். சோதனை ஃபைல் ராமைப் போல் இரண்டு மடங்கு இருக்கட்டும். டிடி கட்டளையால் பூஜ்ஜியங்களை எழுதிக் காட்டும் வென்டர் சோதனை இந்த இடத்திலேயே விழுந்துவிடும்.

2. முதலில் எஃப்சிங்க்கை அளங்கள். போஸ்ட்கிரெஸோடு வரும் பிஜி டெஸ்ட் எஃப்சிங்க் என்ற சின்னக் கருவி போதும். ஒற்றை 7,200 சுற்று டிஸ்க், கேஷ் பாதுகாப்பு எதுவும் இல்லை என்றால் விடை 120ஐத் தாண்டக் கூடாது. லாக்கின் அடுத்த வரியை எழுத, அதே இடம் ஒரு முழுச் சுற்று சுற்றி வர வேண்டும். 7,200ஐ 60ஆல் வகுத்தால் 120. அப்படிப்பட்ட டிஸ்க்கில் விநாடிக்கு 3,000 எஃப்சிங்க் என்று வந்தால் மகிழாதீர்கள். டிஸ்க்குக்குள் இருக்கும் பாதுகாப்பற்ற கேஷ் பொய் சொல்கிறது. இந்த ஒரு சோதனை அதிக எண்ணைப் பார்த்துக் கவலைப்பட வேண்டிய சோதனை. பேட்டரி உள்ள கார்டிலோ கபாசிட்டர் உள்ள எஸ்எஸ்டியிலோ ஆயிரக்கணக்கில் வருவது நியாயம்.

3. பிறகு 8 அல்லது 16 கேபி அளவில் ரேண்டமாகப் படிப்பதும் எழுதுவதும் கலந்து ஓட்டுங்கள். கியூ ஆழத்தை, அதாவது ஒரே நேரத்தில் டிஸ்க்கிடம் நிலுவையில் விடும் வேலைகளின் எண்ணிக்கையை, 1, 4, 16, 32 என்று ஏற்றிப் பாருங்கள். ஆழம் 32இல் 400 ஐஆப்ஸ் என்றால், 32ஐ 400ஆல் வகுக்க, ஒவ்வொரு வேலையும் சராசரியாக 80 மில்லிவிநாடி காத்துக் கிடக்கிறது. ஐஆப்ஸ் எண்ணை மட்டும் சொல்லிக் கியூ ஆழத்தைச் சொல்லாத ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிடலாம்.

4. சராசரியை நம்பாதீர்கள். நூற்றில் 99 வேலைகள் எத்தனை நேரத்துக்குள் முடிந்தன என்ற எண்ணை ஃபியோவே தருகிறது. சராசரி 5 மில்லிவிநாடியாகவும், அந்த 99ஆவது எண் 300 ஆகவும் இருந்தால், நூற்றில் ஒரு வேலை 300 மில்லிவிநாடியோ அதற்கு மேலோ எடுக்கிறது. ஒரு பில்லுக்கு இருபது டிஸ்க் வேலை என்றால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பில் திக்கி நிற்கும்.

5. நேரம் கொடுங்கள். புதிய எஸ்எஸ்டி முதல் சில நிமிடங்கள் புது மாப்பிள்ளை முறுக்கில் ஓடும். காலி பிளாக்குகள் தீர்ந்து, பழையதை அழித்து எழுத வேண்டிய கட்டம் வந்த பிறகு தெரியும் வேகமே நிஜ வேகம். அளப்பதற்கு முன் முழுக் கொள்ளளவையும் இரண்டு முறை எழுதி நிரப்புவது எஸ்எஸ்டி சோதனைகளில் ஏற்றுக்கொள்ளப்பட்ட நடைமுறை. கார்டில் 2 ஜிபி கேஷ் இருந்தால் அதுவும் நிரம்பி வழியும்வரை ஓட வேண்டும்.

6. கடைசியில் டேட்டாபேஸோடு சேர்த்து அளங்கள். போஸ்ட்கிரெஸில் பிஜிபெஞ்ச், மைஎஸ்க்யூஎல்லில் சிஸ்பெஞ்ச். பிஜிபெஞ்சின் இயல்பான ஸ்கேல் எண் 1. அதில் கிளைகள் அட்டவணையில் ஒரே ஒரு வரிதான் இருக்கும். ஐம்பது கிளையன்ட்களும் அந்த ஒரே வரியைப் பூட்டித் திருத்த வரிசையில் நிற்பார்கள். நீங்கள் அளப்பது அந்த வரிசையை, டிஸ்க்கை அல்ல. ஸ்கேல் 1,000 வைத்தால் டேட்டா ஏறக்குறைய 15 ஜிபி. ராமைத் தாண்டும் அளவுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். செக்பாயின்ட்டின் இயல்பு இடைவெளி 5 நிமிடம். ஒரு நிமிடம் ஓட்டிப் பார்க்கும் சோதனை செக்பாயின்ட்டைச் சந்திக்காமலே முடிந்துவிடலாம்; பக்கங்கள் மொத்தமாக டிஸ்க்கில் இறங்கும் வேளையில்தான் தாமதம் எகிறும். குறைந்தது அரை மணி நேரம் ஓடட்டும்.

ஐம்பது பேர் ஒரே நேரத்தில் கமிட் செய்தால் அவற்றைச் சேர்த்து ஒரே எஃப்சிங்க்கில் முடிக்கும் வித்தை டேட்டாபேஸுக்குத் தெரியும். அதனால் பிஜிபெஞ்ச் எண் எஃப்சிங்க் எண்ணைவிடப் பல மடங்கு அதிகமாக வந்தால் பிழை என்று நினைக்க வேண்டாம். கிளையன்ட் 1 என்று ஓட்டும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் எங்கோ ஒரு செட்டிங் கமிட்டை ஏமாற்றுகிறது.

## ஒரு டிஸ்க் போன பிறகு என்ன வேகம்?

யாரும் கேட்காத கேள்வி இது. ரெய்டு வாங்குவதே டிஸ்க் சாகும் நாளுக்காக. ஆனால் எல்லா அளவுகளும் டிஸ்க் உயிரோடிருக்கும்போதே எடுக்கப்படுகின்றன.

டிஸ்க் சாவது அரிதும் அல்ல. பியான்கா ஷ்ரோடரும், ரெய்டு கட்டுரையின் மூவரில் ஒருவரான அதே கார்த் கிப்சனும் 2007இல் பெரிய கணினி மையங்களின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். தயாரிப்பாளர்களின் தகவல் தாள் ஆண்டுக்கு அதிகபட்சம் 0.88 சதவீதம் பழுதாகும் என்றது; நிஜத்தில் 2 முதல் 4 சதவீதம் மாற்றப்பட்டது சாதாரணமாக இருந்தது, சில இடங்களில் 13 சதவீதம் வரை. பழுதுகள் தனித்தனியாக வராமல் அடுத்தடுத்து வரும் போக்கும் தெரிந்தது.

ரெய்டு 5இல் ஒரு டிஸ்க் போனால், அதிலிருந்த ஒரு பக்கத்தைப் படிக்க மீதி ஏழையும் படிக்க வேண்டும். ரெய்டு 10இல் ஜோடியில் உள்ள மற்றது பதில் சொல்லும், அவ்வளவுதான். புது டிஸ்க் போட்டு ரீபில்ட் (மற்ற டிஸ்க்குகளிலிருந்து புதியதை நிரப்புவது) தொடங்கியதும் ரெய்டு 5இல் எட்டுமே உழைக்கும். ரெய்டு 10இல் இரண்டு. அந்த நேரத்தில் இரண்டாவது டிஸ்க் போனால் ரெய்டு 5 முடிந்தது. எட்டு டிஸ்க் ரெய்டு 10இல் மீதி ஏழில் ஒன்றே ஒன்றுதான் ஆபத்தானது.

16 டிபி டிஸ்க்கை விநாடிக்கு 200 எம்பி வேகத்தில் எந்த இடையூறும் இல்லாமல் நிரப்பினாலும் 22 மணி நேரம் ஆகும். இடையூறு இருந்தால்? எம்டி ரெய்டில் ரீபில்டுக்கு இரண்டு வரம்புகள் உண்டு: மேல் வரம்பு விநாடிக்கு 200 எம்பி, கீழ் வரம்பு விநாடிக்கு 1 எம்பி. டிஸ்க்கில் வேறு வேலை நடந்தால் அது கீழ் வரம்பை நோக்கி இறங்கி வழிவிடும். 4 டிபி டிஸ்க்கை அந்தக் கீழ் வரம்பிலேயே ஓட்டினால், கணக்குப்படி 46 நாள். இராப்பகலாக ஆர்டர் வரும் ஒரு சர்வரில் இந்த எண்ணை மாற்றாமல் விட்டால் தீபாவளி வியாபாரம் முழுவதும் பாதுகாப்பில்லாமல் ஓடலாம். கூட்டி வைத்தால் பில் மெதுவாகும். எவ்வளவு கூட்டினால் எவ்வளவு மெதுவாகும் என்பதைப் புது சர்வரில் ஒரு டிஸ்க்கை உருவிவிட்டு, அதே ஃபியோ, அதே பிஜிபெஞ்ச் ஓட்டித்தான் தெரிந்துகொள்ள முடியும். உருவுவதற்கு வென்டர் தயங்குவார். சலானில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்டால் உருவித் தருவார்.

## ரெய்டைத் தாண்டிய மரணங்கள்

2019 நவம்பரில் எச்பிஇ நிறுவனம் தன் சில எஸ்எஸ்டி மாடல்களுக்கு அவசர அறிவிப்பு வெளியிட்டது. சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரத்தில், ஃபர்ம்வேர் (டிஸ்க்குக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) பிழையால் டிஸ்க் செத்துவிடும். டேட்டாவையும் மீட்க முடியாது. 32,768 என்பது 2இன் 15ஆவது அடுக்கு. மணிக் கணக்கை வைக்கும் இடம் நிரம்பி வழிந்துவிட்டது. 2020 மார்ச்சில் வேறு மாடல்களுக்கு 40,000 மணி நேரத்தில் அதே கதி என்று இன்னொரு அறிவிப்பு. ஒரே நாளில் பொருத்திய எட்டு டிஸ்க்கும் ஒரே மணி நேரத்தில் போகும்போது ரெய்டு 6ஆல் என்ன செய்ய முடியும்?

அதனால் டிஸ்க் வாங்கும்போது எல்லாவற்றையும் ஒரே பெட்டியிலிருந்து எடுக்காமல், உற்பத்தித் தேதியும் பேட்ச் எண்ணும் மாறி வருமாறு கேட்பது நல்லது. ஜோடியின் இரண்டு பக்கமும் வேறு வேறு பேட்ச் என்றால் இன்னும் நல்லது. ஃபர்ம்வேர் அறிவிப்புகளை ஆண்டுக்கு இருமுறையாவது பார்க்க வேண்டும்.

மனிதக் கை செய்யும் தவறுக்கு ரெய்டு எந்த விதத்திலும் உதவாது. 2017 ஜனவரி 31 அன்று புரோகிராம் கோடுகளைச் சேமித்துவைக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தின் இன்ஜினியர் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் டைரக்டரியை அழித்தார்; பேக்கப்புகள் பல சரியாக ஓடாமலிருந்தது அப்போதுதான் தெரியவந்தது; ஆறு மணி நேர டேட்டா போனது. அழிக்கச் சொன்னால் ரெய்டு எல்லா நகலிலும் விசுவாசமாக அழிக்கும். பேக்கப் தனி, அதை வேறு இடத்தில் ரீஸ்டோர் செய்து பார்ப்பது தனி.

## ஓடத் தொடங்கிய பிறகு

டிஸ்க் செத்தால் மெயில் வர வேண்டும், அந்த மெயிலைப் பார்க்க ஆள் இருக்க வேண்டும். பேட்டரி நிலையும் கேஷ் முறையும் அதே கண்காணிப்பில் சேரட்டும். அளந்த எண்களைத் தேதியோடு ஒரு ஃபைலில் வைத்திருந்தால், ஆறு மாதம் கழித்து "ஸ்லோ" என்று புகார் வரும்போது எஃப்சிங்க்கை மறுபடி ஓட்டி ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

டெபியன், உபுண்டு சர்வர்களில் எம்டி ரெய்டு போட்டவர்கள் ஒரு டைமரையும் பார்த்து வைக்க வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறன்று எல்லா டிஸ்க்கையும் முழுக்கப் படித்துச் சரிபார்க்கும் வேலை தானாகத் தொடங்குவது அங்கே நெடுநாள் வழக்கம். தேவையான வேலைதான், படிக்க முடியாத செக்டர்களை ரீபில்டுக்கு முன்பே அது கண்டுபிடித்துவிடும். ஞாயிறு விடுமுறை என்ற கணக்கில் யாரோ வைத்த நேரம் அது. பெரிய டிஸ்க்குகளில் பல மணி நேரம் ஓடும். தி.நகரில் கடை வைத்திருப்பவர்கள் அதைச் செவ்வாய் இரவுக்கு மாற்றிக்கொள்ளலாம்.